பிடியரிசி டின்னில் பதினொரு ராஜா

இதை எப்படிச் சொன்னாலும் எங்கயாவது தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு.

ஏற்கனவே என் வீட்டுக்காரர் ஒரு மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறார். சர்ச் சபையில வேற மாதிரி சொல்றாங்க. போன வாரம் பிரிஞ்சாங் சந்தையில மீன் வாங்கப் போனேன். மீன்காரர் என் மூஞ்சியப் பாத்துட்டு, "அக்கா, சாமி அரிசியில கல்லு போட்டது நீங்கதானே?"ன்னு கேக்குறார்!

அதனால நானே எழுதிடறேன். முன்னபின்ன ஆயிடுச்சுன்னா மன்னிச்சுக்குங்க. நான் ஆறாவதோட நின்னவ.

இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன். இதுல வர்ற காசு இப்ப எங்க வீட்டுல இல்ல. சத்தியமா இல்ல. யாரும் வந்து கதவத் தட்ட வேணாம்.

சரி. எனக்குக் கொடுத்த வேலை என்னன்னா, பதினொரு காசை ஒரு வாரம் பத்திரமா வெச்சிருந்து திருப்பிக் கொடுக்கணும். அவ்வளவுதான். ஒரு குழந்தை கூடச் செய்யும்.

காசு கிராணி ஐயாவோடது. எங்க தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல முன்னாடி கிராணியா, அதான் கணக்கு எழுதுறவரா, இருந்தவர். ரிட்டயர்ட் ஆயிப் பல வருஷம் ஆச்சு. இப்ப தானா ராத்தா டவுன்ல தனியா இருக்கார். ஆனா இன்னும் எல்லாருக்கும் அவர் கிராணி ஐயாதான். வாரத்துல ரெண்டு நாள் நான் போய் வீடு கூட்டி, சமைச்சு வெச்சுட்டு வருவேன். மத்த நாள்ல கியா பார்ம்ல ஒரு ஸ்ட்ராபெரி கடையில பெட்டி அடுக்குற வேலை.

ரிட்டயர்ட் ஆனவங்க ஆர்க்கிட் வளப்பாங்க, மீன் தொட்டி வெப்பாங்க. இவர் ரோமாபுரி வெள்ளிக்காசு சேக்குறார். அதுவும் எல்லா ரோமாபுரிக் காசும் இல்ல. அந்த ராஜ்ஜியம் முடியப் போற காலத்துல அடிச்ச காசு மட்டும்தான்.

"ஏன் ஐயா, நல்லா இருந்த காலத்துக் காசு கிடைக்கலையா?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"நல்லா இருக்கும்போது எவன் வேணா நல்ல காசு அடிப்பான் புஷ்பம். கஜானா காலி, நாலு பக்கமும் எதிரி, வீடே இடிஞ்சு விழுது. அப்பவும் உக்காந்து எவ்வளவு அழகா அடிச்சிருக்கான் பாரு!"

நானும் பாத்தேன். எனக்கு எல்லாம் ஒரே மூஞ்சிதான். பத்து சென் காசு அகலம் இருக்கும், தகடு மாதிரி மெலிசு. ஒரு பக்கம் ராஜா, தலையில முத்துச்சரம் கட்டிக்கிட்டு. மறுபக்கம் ஒரு அம்மா நாற்காலியில உக்காந்திருக்கும். ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி. அந்தக் காலத்துலயே திருட்டுப் பசங்க ஓரத்தக் கத்தரிச்சு வெள்ளி எடுத்துட்டு, மிச்சத்தக் கடையில மாத்திடுவாங்களாம்.

முப்பது வருஷத்துல பதினொரு காசுதான் சேத்திருக்கார். பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. அந்தப் பதினொரு ராஜாதான்.

இப்ப வலது கண்ணுல புரை. லென்ஸ் வெச்சுப் பாத்தாலும் ராஜா மேல பனி மூடின மாதிரி இருக்காம். ஈப்போவுல ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்க. கிளம்புற அன்னைக்கு என்னக் கூப்பிட்டார். கையில பதினொரு சின்னப் பேப்பர் கவர். ஒவ்வொண்ணுலயும் ஒரு காசு, மேல பென்சில்ல ராஜா பேரு.

"இதை நீ வெச்சிரு. போன மாசம் பக்கத்து வீட்டுல பூட்ட உடைச்சிருக்கான். வீட்டுல வெச்சுட்டுப் போக மனசு வரல."

"ஐயா, நானா? பேங்க்ல..."

"உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளி இந்த மலையிலயே கெடையாது. தைரியசாலிங்கதான் தொலைப்பாங்க. நீதான் சரி."

பதினொண்ணையும் எண்ணி வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் சட்டம் சொன்னார். கவரப் பிரிக்கக் கூடாது. பிரிச்சாலும் ஓரத்தத்தான் பிடிக்கணும். தேய்க்கக் கூடாது. கழுவக் கூடாது. பிளாஸ்டிக் பையில போடக் கூடாது. ஈரம் ஆகவே ஆகாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

"முக்கியமா உன் வீட்டுக்காரன்கிட்ட!"

அது எனக்கே தெரியும். என் வீட்டுக்காரர் தேவசகாயம் காய்கறி லோரி ஓட்டுறார். அவர்கிட்ட ஒரு விஷயத்தச் சொன்னா, லோரி ஈப்போ போய்ச் சேர்றதுக்குள்ள விஷயம் கோலாலம்பூர் போயிடும்.

வாசல் வரைக்கும் வந்தவர் நின்னார். "கண்கட்டு பிரிச்சதும் மொதல்ல இவங்களத்தான் பாக்கணும்னு இருக்கேன் புஷ்பம். அதுக்குத்தான் ஆபரேஷனே"ன்னார்.

அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு.

முதல் நாள் தலகாணிக்குள்ள வெச்சேன். தலை கனமா இருக்கு. தையல் மிஷின் டிராயர்ல வெச்சேன். அந்தப் பூட்டு ஊசியால தட்டினாக் கூடத் தொறந்துக்கும். கிறிஸ்துமஸ் ஸ்டார் வெச்சிருக்குற பெட்டியில வெச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சு, இந்த வருஷம் சபையில யாராவது ஸ்டார முன்கூட்டியே கேட்டா என்ன பண்றதுன்னு தோணுச்சு. எடுத்துட்டேன்.

மூணாவது நாள் கவரத் தொட்டுப் பாக்குறேன், நமுத்துப் போன முறுக்கு மாதிரி இருக்கு!

எங்க ஊரப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். இங்க துவைச்ச துணி நாலு நாள் காயாது. செருப்புல பூசணம் பூக்கும். உப்பு டப்பாவத் தொறந்தா தண்ணி நிக்கும். அந்தக் குளிர்ல பேப்பர் கவர் என்னாகும்?

ஈரம் ஆகவே ஆகாதுன்னு அவர் சொன்னது காதுல மணி மாதிரி அடிக்குது.

அப்பத்தான் என் மூளை வேலை செஞ்சது. இதுதான் தப்பு. என் மூளை வேலை செய்யாம இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல.

போன் தண்ணியில விழுந்தா எங்க போடுவோம்? அரிசியில. வீட்டுல ரொம்பக் காஞ்ச இடம் எது? அடுப்புக்கு மேல தட்டுல இருக்குற அரிசி டின். ஆனா சமைக்கிற அரிசியில போட முடியாது. பிடியரிசி டின்னுல போடலாம்!

பிடியரிசி தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க சபையில ஒவ்வொரு வீட்டுலயும் அந்த டின் ஒண்ணு இருக்கும். சோத்துக்கு அரிசி அளக்கும்போது, சாமிக்குன்னு ஒரு பிடி எடுத்து அதுல போட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை மாதர் சங்கத்துல வந்து வாங்கிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் அந்த டின்னுல யாரும் கை வைக்க மாட்டோம். வீட்டுல அரிசி தீந்தாக் கூடப் பக்கத்து வீட்டுல போய் நிப்போம், அதுல எடுக்க மாட்டோம். திருடனே வந்தாலும், நம்ம ஆளா இருந்தா, அந்த டின்ன விட்டுட்டுத்தான் போவான்.

இதைவிடப் பத்திரமான இடம் இந்த உலகத்துல உண்டா?

மாசக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு. கிராணி ஐயா நாலு நாள்ல வந்துடுவார். எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன். கவரப் பிரிச்சு, ஒவ்வொரு காசையும் ஓரத்துல பிடிச்சு, அரிசிக்குள்ள பதினொரு இடத்துல புதைச்சேன். கவர அடுப்புக்குப் பக்கத்துல காய வெச்சேன். அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

மறுநாள் மழை. சும்மா மழை இல்ல, வானம் கிழிஞ்ச மாதிரி. காலையில நான் கியா பார்ம் போன வேன் எப்படியோ போயிடுச்சு. நான் போன பிறகு தோட்டத்துக்குக் கீழ, ரோட்டு மேல மண்ணு சரிஞ்சுடுச்சாம். கார், லோரி, ஒரு டூரிஸ்ட் பஸ், எல்லாம் அங்கயே நின்னுடுச்சு.

மத்தியானம் முதலாளி கடைய மூடிட்டார். மழையில யார் ஸ்ட்ராபெரி வாங்குறா? நான் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் லோரி எடுக்க முடியாததுனால வீட்டுலதான் இருந்தார். ரொம்பச் சந்தோஷமா இருந்தார். அதப் பாத்ததும் நேரா அடுப்படிக்குப் போனேன்.

அடுப்பு மேல பாத்தேன். டின் இல்ல.

பாத்திரம் கவுக்குற தட்டப் பாத்தேன். டின் கழுவி, கவுத்து வெச்சிருந்தது. இன்னும் தண்ணி சொட்டிக்கிட்டு இருந்தது.

"என்னங்க! இதுல இருந்த அரிசி எங்க?"

"எஸ்தர் அக்கா வந்தாங்க. ரோட்டுல மாட்டுனவங்களுக்குச் சபை ஹால்ல கஞ்சி காய்ச்சுறாங்களாம். எல்லா வீட்டுப் பிடியரிசியும் வாங்குறாங்க. நானே கொண்டு போய்க் கொட்டிட்டு வந்தேன். டின்னக் கூடக் கழுவிட்டேன், பாத்தியா?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இந்த மனுஷன் ஒரு டம்ளர் கழுவினதில்ல. அன்னைக்குன்னு பாத்து டின்னக் கழுவியிருக்கார்!

"மோட்டார் சைக்கிள எடுங்க!"

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க!"

சபை ஹால் மேட்டுல இருக்கு. மழையில மோட்டார் வழுக்கி வழுக்கிப் போகுது. பின்னாடி உக்காந்துக்கிட்டு நான் ஜெபம் பண்றேன். அவர், "யாருக்காவது உடம்பு சரியில்லையா? எங்கிட்ட சொல்லு லா"ன்னு கேட்டுக்கிட்டே வர்றார். சொன்னேனா? சொல்லல.

ஹால்ல அறுபது பேராவது இருப்பாங்க. பஸ்ல வந்த டூரிஸ்ட், ரெண்டு மலாய்க் குடும்பம், ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி, காய்கறி லோரிக்காரர் ஒரு சீனத்து அங்கிள். எல்லாரும் ஈரத்தோட நடுங்கிக்கிட்டு இருக்காங்க. ஒரு மூலையில அடுப்புல பெரிய அண்டா. பக்கத்துல பச்சைக் கலர் பேசின். அந்த பேசின் நிறைய அரிசி. இருபது வீட்டு அரிசி. எல்லாம் ஒண்ணாக் கலந்து.

பேசினுக்கு முன்னாடி எஸ்தர் அக்கா. மாதர் சங்கத்துச் செயலாளர். அவங்க நிமிந்து பாத்தாலே எனக்கு, செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேக்கணும் போல இருக்கும்.

"வா புஷ்பம். கை கழுவிட்டு வெங்காயம் உரி."

"அக்கா... எங்க வீட்டு அரிசி..."

"ஆமா, தேவா கொண்டாந்துச்சு. நிறைய சேத்திருக்கே, சந்தோஷம்."

"அதைத் திருப்பி எடுத்துக்கலாமாக்கா?"

வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்குறியா?"

"இல்லக்கா, அதுல..." யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வேற என்ன சொல்றது? வண்டு இருக்குன்னு சொன்னா கழுவிடுவாங்க. எலி இருந்துச்சுன்னு சொன்னா மொத்தத்தையும் வெளிய கொட்டிடுவாங்க. வாயில வந்தது, "அதுல கல்லு இருக்குக்கா."

"கல்லா? சூப்பர்மார்க்கெட் அரிசியில ஏதுடி கல்லு?"

"இருக்குக்கா. பெருசு பெருசா. பல்லு போயிடும். நான் பொறுக்கித் தரேன்."

எஸ்தர் அக்கா என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "நீ தின்னுறதுக்கு நல்ல அரிசி. சாமிக்குக் கல்லரிசியா?"

தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, முறம் ஒண்ண எடுத்துக்கிட்டு உக்காந்துட்டேன்.

ஆனா அவங்க நல்லவங்க. பசிச்சவங்களக் காக்க வைக்க முடியாதுன்னு, எல்லாருக்கும் தட்டு, டிரே, சுளகு, கிடைச்சதெல்லாம் குடுத்துட்டாங்க. "எல்லாரும் சேந்து கல்லு பொறுக்குங்க! இவ வீட்டு அரிசி கலந்துடுச்சு!"

அறுபது பேர் முன்னாடி!

வெள்ளைக்காரங்க ரெண்டு பேரும் தரையில சம்மணம் போட்டு உக்காந்து அரிசியக் கிளற ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது. போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டாங்க.

கோலாலம்பூர்லேர்ந்து வந்த ஒரு பொண்ணு எங்கிட்ட வந்து, "ஆன்ட்டி, எவ்வளவு பெரிய கல்லு?"ன்னு கேட்டுச்சு.

"பத்து சென் அளவு இருக்கும்மா. தட்டையா."

"அவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்?"

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

முதல்ல கண்டுபிடிச்சது சீனத்து அங்கிள்தான். பக்கத்துத் தோட்டத்துலயே பொறந்து வளந்தவர். நம்மள விட நல்லாத் தமிழ் பேசுவார். "தங்கச்சி, இது கல்லு இல்ல லா. காசு!"

அவ்வளவுதான். எல்லாரும் புதையல் தேடுற மாதிரி ஆயிட்டாங்க. "இங்க ஒண்ணு!" "எனக்கு ரெண்டு!" பத்து நிமிஷத்துல பேசின் அடி தெரிஞ்சுடுச்சு. எஸ்தர் அக்கா கையில பத்துக் காசு.

அவங்க ஒண்ண எடுத்து வெளிச்சத்துல பாத்தாங்க. தட்டிப் பாத்தாங்க. "இது யார் போட்டது?"

நான் கையத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துல கூட நான் கையத் தூக்கினதில்ல.

"காணிக்கையாடி?"

"இல்லக்கா... ஆமாக்கா... தெரியாம விழுந்துடுச்சுக்கா."

"தேஞ்சு போய், ஓரமெல்லாம் பிஞ்சு, எந்த ஊர்க் காசுன்னே தெரியல. கடையில குடுத்தா வாங்க மாட்டான்னு சாமிக்குப் போட்டியா? கல்லும் இல்ல, செல்லாத காசு!"

உள்ளுக்குள்ள எனக்கு அழுகையும் வருது, சந்தோஷமும் வருது. "ஆமாக்கா. செல்லாத காசுதான். குடுத்துடுங்கக்கா. நான் நல்ல காசா காணிக்கை போட்டுடறேன்."

"அதைச் செய் முதல்ல. இரு, கறுப்பு புடிச்சுக் கெடக்கே, புளி வெச்சு ரெண்டு தேய் தேச்சுத் தரேன். கொழந்தைங்க விளையாடவாவது ஆகும்." கையில புளிய எடுத்துட்டாங்க!

"தேய்க்காதீங்கக்கா!"

நான் போட்ட கத்துல ஒரு மலாய்க் குழந்தை முழிச்சுக்கிட்டு அழுதுச்சு. வெளிய மரத்தடியில நின்ன என் வீட்டுக்காரர் உள்ள ஓடி வந்துட்டார்.

"ஏன்டி?" எஸ்தர் அக்கா கேட்டாங்க.

"அது... அழுக்கோடயே இருக்கட்டும்கா. பழகிடுச்சு."

எஸ்தர் அக்கா, "இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு தேவா, வீட்டுல பாத்துக்க"ன்னு சொல்லிக் காசக் கொட்டினாங்க. நான் ஓரத்தத்தான் பிடிக்கணும்னு முந்தானையில ஏந்திக்கிட்டேன். எண்ணினேன். பத்து.

ஒண்ணு குறையுது.

"அக்கா, அண்டாவுல இருக்குறது எந்த அரிசி?"

"மொதல்ல வந்த அரிசி. தேவா கொண்டாந்ததுலயும் ஒரு படி அதுல போச்சு."

அண்டாவுல கஞ்சி கொதிச்சுக்கிட்டு இருக்கு. இஞ்சி, நெத்திலி, பூண்டு, கூட ஒரு ராஜா. எஸ்தர் அக்கா ஊத்த ஆரம்பிச்சுட்டாங்க. கிண்ணம் கிண்ணமாப் போயிக்கிட்டு இருக்கு.

யாராவது முழுங்கிட்டா?

நான் நடுவுல போய் நின்னுட்டேன். "எல்லாரும் மெதுவாச் சாப்பிடுங்க! பல்லுப் படாமச் சாப்பிடுங்க! ஒவ்வொரு கரண்டியையும் பாத்துட்டு வாயில வைங்க!"

"ஏன் ஆன்ட்டி? இது உங்க கோயில் வழக்கமா?" கோலாலம்பூர்ப் பொண்ணு.

"ஆமாம்மா. வழக்கம்."

பொய் சொன்னேன். சபை ஹால்லயே சொன்னேன். அந்தப் பொண்ணு அதை இங்கிலீஷ்ல வெள்ளைக்காரங்களுக்குச் சொல்லுச்சு. அவங்க தலையாட்டினாங்க. ஒவ்வொரு கரண்டியையும் கண்ணுக்கு நேரா தூக்கி, உத்துப் பாத்து, அப்புறம்தான் வாயில வெச்சாங்க. அதப் பாத்து பஸ்காரங்க. அதப் பாத்து மத்தவங்க. அறுபது பேர், ஒரு சத்தமில்லாம, கரண்டியப் பாத்துப் பாத்துக் கஞ்சி குடிக்கிறாங்க!

எஸ்தர் அக்கா அண்டா அடிய வழிச்சாங்க. டணங்!

நான் பாஞ்சேன். கரண்டியில ஒரு ராஜா உக்காந்திருந்தார். மூஞ்சியில நெத்திலி.

பதினொண்ணு! அப்படியே பெஞ்சுல உக்காந்தேன். யாரோ கையில கஞ்சி குடுத்தாங்க. அவ்வளவு ருசியான கஞ்சிய நான் குடிச்சதில்ல.

அப்பத்தான் எங்க போதகர் ஐயா எழுந்தார். கையில கிண்ணத்தோட, ரெண்டு வார்த்தை பேசினார்.

"இன்னைக்கு நீங்கள்லாம் சாப்பிடுற விதத்தப் பாக்கும்போது என் மனசு நிறையுது. நம்ம சபையில கூட இப்படிப் பாத்தது இல்ல. ஒவ்வொரு கரண்டியும் யோசிச்சு, மதிச்சு..."

சொல்லிக்கிட்டே ஒரு கரண்டி வாயில வெச்சார். அவர் மட்டும் பாக்கல.

'கடக்'னு ஒரு சத்தம். போதகர் ஐயா அப்படியே நின்னார். ரெண்டு விரல வாயில விட்டு மெதுவா எடுத்தார். வெள்ளிக்காசு.

பன்னெண்டு!

குறையும்னு பயந்தேன். கூடும்னு எனக்கு யாரும் சொல்லலையே?

அதையும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து, கதவச் சாத்திட்டு, என் வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேற யார்கிட்ட சொல்லி அழ? அவர் தலையச் சொறிஞ்சார். "ஒண்ணு கூடத்தானே இருக்கு? நல்லதுதானே லா!"

"குறைஞ்சா தொலைச்சவன்னு பேரு! கூடினா என்ன பேரு?"

நான் எண்ணும்போதே தப்பா எண்ணியிருப்பேனோ? அவர் பன்னெண்டு குடுத்திருப்பாரோ? ஆனா கவர் பதினொண்ணுதான் இருக்கு. கவர்ல பேரு எழுதியிருக்கு, எந்த ராஜா எந்தக் கவர்னு எனக்கென்ன தெரியும்? எல்லாத்துக்கும் ஒரே மூக்கு! ராத்திரி பூரா பன்னெண்டையும் துணியில பரப்பி, தேய்க்காம ஊதி ஊதிக் காய வெச்சேன்.

சனிக்கிழமை ரோடு தொறந்துச்சு. கிராணி ஐயா வந்துட்டார். கண்ணு மேல பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்தார். மேசையில பச்சைத் துணி விரிச்சார்.

"கொண்டா புஷ்பம்."

நான் பன்னெண்டையும் வரிசையா வெச்சேன். கவர் பதினொண்ணையும் ஓரமா வெச்சேன். கை ரெண்டையும் கட்டிக்கிட்டு, வாசலுக்குப் பக்கமா நின்னேன். ஓடுறதுக்கு வசதியா.

அவர் மூடிய எடுக்கல. மோந்து பாத்தார். "என்ன இஞ்சி வாசனை வருது?"

"மழை ஐயா"ன்னேன். மழைக்கும் இஞ்சிக்கும் என்ன சம்பந்தம்னு எங்கிட்ட கேக்காதீங்க.

மூடிய எடுத்தார். கண்ணச் சிமிட்டினார். குனிஞ்சார். ஒரு காசை ஓரத்துல பிடிச்சுத் தூக்கினார். "முத்து ஒவ்வொண்ணும் தெரியுது புஷ்பம். எண்ணலாம் போல இருக்கு." அடுத்தது. அதுக்கு அடுத்தது. ஒவ்வொண்ணா கவர்ல போட்டார், பேரப் பாக்காமயே.

அவர் மூஞ்சியப் பாக்கும்போது, அடியே புஷ்பம், இந்த மனுஷன்கிட்ட எதையும் சொல்லாம போயிடலாம்டின்னு இருந்துச்சு.

அப்புறம் கடைசிக் காசு. கவர் தீந்துடுச்சு.

"இது யாரு?"

"ராஜா ஐயா."

"எந்த ராஜா?"

"உங்க ராஜாதான் ஐயா."

"புஷ்பம். பதினொரு பேரும் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

நான் யோசிச்சேன். "வலது பக்கம்."

"இவரு?"

எட்டிப் பாத்தேன். இடது பக்கம் பாத்துக்கிட்டு இருந்தார். தலையில முத்துச்சரம் கூட இல்ல, கிரீடம்! மூணு ராத்திரி முழிச்சிருந்து எண்ணினவ, ஒரு தடவையாவது மூஞ்சியப் பாத்தேனா?

"இது வெள்ளைக்காரன் காலத்துப் பத்துக் காசு. என் சின்ன வயசுல இதுக்கு ஐஸ் வாங்கித் தின்னுருக்கேன். தேஞ்சு போச்சு. ரோமாபுரிக்காரங்க நடுவுல இவர் எப்படி வந்தார்?"

எனக்கு அழுகை வந்துடுச்சு. கவர், டின், மண்சரிவு, பேசின், கல்லு, அண்டா, போதகர் ஐயா வாய், எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன். "கவரப் பிரிச்சது தப்புதான் ஐயா. நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரல."

கிராணி ஐயா கண்ணப் பொத்திக்கிட்டார். அழறார்னு நெனச்சேன். தோள் குலுங்குது. சிரிக்கிறார்!

"ஐயா, கண்ணு! தையல் பிரிஞ்சுடப் போகுது!"

"டாக்டர் தலைகீழாக் குனியக் கூடாதுன்னுதான் சொன்னார். சிரிக்கக் கூடாதுன்னு சொல்லல." துடைச்சுக்கிட்டார். "இந்த ராஜாவுங்க இருந்த காலத்துல எவ்வளவு பேர் பட்டினி கெடந்தாங்க தெரியுமா? ஆயிரத்து அறுநூறு வருஷம் கழிச்சு, எங்கயோ மலை மேல, இப்பத்தான் நாலு பேருக்குக் கஞ்சி ஊத்தியிருக்காங்க. கழுவலையே?"

"கொதிச்சது மட்டும்தான் ஐயா."

"தேய்க்கலையே?"

"சத்தியமா இல்ல."

"அப்ப புதன்கிழமை வேலைக்கு வந்துடு."

மறுநாள் சபைக்குப் போனேன். பன்னெண்டாவது காசு சபை அரிசியில வந்தது, அது சபைக்குத்தானே சேரணும்? எஸ்தர் அக்கா கையில கொடுத்தேன். "அக்கா, இது என்னோடது இல்ல. வேற யாரோட டின்னுலயோ கெடந்திருக்கு. வெள்ளைக்காரன் காலத்துப் பத்துக் காசாம்."

அவங்க வாங்கிப் பாத்தாங்க. மூஞ்சி மாறிப் போச்சு.

"இது... எங்க டின்னு அடியில ரொம்ப வருஷமா ஒட்டிக்கிட்டுக் கெடந்தது. மாமியார் போட்டது. கடையில வாங்க மாட்டாங்கன்னு... சரி விடு."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செல்லாத காசு, சாமிக்கா, எல்லாம் வந்தது. முழுங்கிட்டேன். இஞ்சிக் கஞ்சி மாதிரி இதமா இறங்குச்சு.

போன மாசம் கிராணி ஐயாவுக்கு இடது கண்ணு ஆபரேஷன். மறுபடியும் அதே பதினொரு கவரோட வந்து நின்னார். "உனக்குத்தான் பழக்கம்"ங்கிறார்!

இந்தத் தடவை நான் எதையும் ஒளிக்கல. ஷோகேஸ்ல, கண்ணாடிக்குப் பின்னாடி, எல்லாருக்கும் தெரியிற இடத்துல, ஒரு தட்டுல கவர அடுக்கினேன். சுத்தி ஷூ பெட்டியில வர்ற, ஈரத்த இழுக்குற பொட்டலத்தப் போட்டேன். மேல ஒரு அட்டையில நானே கொட்டை எழுத்துல எழுதி வெச்சேன்: 'செல்லாத காசு. சபையிலயே வேண்டாம்னு திருப்பிக் கொடுத்தது.'

ஒரு வாரம் எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. படிச்சாங்க, பாவமா என்னப் பாத்தாங்க. ஒருத்தரும் கண்ணாடியத் தொடல.

மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை எஸ்தர் அக்கா பிடியரிசி வாங்க வந்தாங்க. அட்டையப் படிச்சாங்க. ரெண்டாவது தடவையும் படிச்சாங்க. டின்ன வாங்கிட்டு, படியிறங்கிப் போயிட்டாங்க.

டின்னுல அரிசி மட்டும்தான் இருந்தது. நான் நாலு தடவை கையால துழாவிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்.